லமேகுவிலிருந்து எவொராவுக்கு ஒரே பகலில், கார் இல்லாமல்?

போர்ச்சுகலில் பேருந்து, ரயிலிலேயே சுற்றியவர்கள் உதவுங்கள். நவம்பர் இரண்டாம் வாரம், இருவர், ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி. போர்த்தோ, பின்யாவ், லமேகு, எவொரா என்ற வரிசை.

நகர்த்த முடியாத தேதி 11. புனித மார்ட்டின் நாளான அன்றுதான் அலென்தேஜு ஊர்களில் தால்யா ஒயினைத் திறப்பார்கள். மண் தாழியில் திராட்சைத் தோலோடு கிடந்து ஊறியது. கூட வறுத்த செஸ்நட். எவொராவிலிருந்து காலையிலேயே அப்படி ஓர் ஊரான விலா டி ஃப்ராடிஷுக்குக் கிளம்ப வேண்டும். அதனால் 10ஆம் தேதி இரவு எவொராவில் இருந்தாக வேண்டும்.

லமேகுவில் ரயில் கிடையாது. 12 கி.மீ. தள்ளி ரெகுவாவுக்கு இறங்கி, போர்த்தோ கம்பாஞாவுக்கு 2 மணி நேரம், லிஸ்பன் ஓரியந்தேக்கு சுமார் 3, எவொராவுக்கு ஒன்றரை. கூட்டினால் ஆறரைதான். ஆனால் எவொராவுக்கு நாளொன்றுக்குச் சில ரயில்களே. ரெகுவாவிலிருந்து போர்த்தோ போகும் டூரோ ரயில் தாமதமானால் மாலை வண்டி போய்விடும்.

வாடகைக் கார் விசாரித்தாயிற்று. ரெகுவாவில் எடுத்து எவொராவில் விட்டால் ஒருவழிக் கட்டணமே வாடகையைத் தாண்டுகிறது. ஆட்டோமேட்டிக் கியரும் இல்லை. ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம் என்பதால் ஓட்டுபவர் ஒயின் பக்கமே போகக்கூடாது. பிறகு எதற்கு இந்தப் பயணம்? லமேகுவை வெட்டவும் மனமில்லை. ஹாம் வைத்த போலா ரொட்டியும் ஊர் ஸ்பார்க்ளிங் ஒயினும் அங்கேதான்.

லமேகுவில் காலைப் பேருந்து பிடித்து, விசெயு வழியாக லிஸ்பன் போய், அன்று இரவுக்குள் எவொரா சேர்ந்தவர்கள் யாராவது உண்டா? எந்த நேர வண்டி?