உங்க ஏரியா நிலவரம் தெரிய எந்த சைட்டைப் பார்ப்பீங்க?

வேளச்சேரிக்காரன்:
டிவியில "சென்னையில் கனமழை"ன்னு ஓடும். சென்னைன்னா எது? அண்ணா நகர்ல தூறலும் எங்க பக்கம் முழங்கால் தண்ணியும் ஒரே நேரத்துல இருக்கும். எனக்கு வேண்டியது தெரு பேரு. அதை எங்க குடியிருப்போர் சங்கத்து சைட்தான் போடுது. 2024 அக்டோபர்ல வெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் காரை மேம்பாலத்துல ஏத்தினாங்களே, அப்போ ஃபைன் போடறாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரே பீதி. அப்படி எதுவும் இல்லைன்னு போலீஸ் சொன்னதை அங்கதான் பார்த்தேன். கூடவே பாலத்துல எந்தப் பக்கம் இன்னும் இடம் இருக்குன்னும் ஒருத்தர் எழுதியிருந்தார். இதையெல்லாம் எந்தப் பேப்பர் போடும்?

ஜாபர்கான்பேட்டை:
அடையாறு கரையில இருக்கறவங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்ல சார். 2015 டிசம்பர் 1 அன்னைக்கு செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து ஆத்துல விநாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. அந்தக் கணக்கு எங்க தெருவுக்கு வந்து சேர்ந்தது தண்ணி வடிஞ்ச பிறகுதான். இப்போ ஐப்பசி பொறந்தா காலைக் காபியோட குடிநீர் வாரிய சைட்ல ஏரி மட்டம் பார்க்கறது வழக்கமாயிடுச்சு. மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் தினமும் வரும். ஏரியோட முழு உயரம் 24 அடி. 22 தாண்டினா பக்கத்து வீட்டு அக்கா வாஷிங் மெஷினைச் செங்கல் மேல ஏத்திடுவாங்க. வானிலை அறிக்கையை விட எங்களுக்கு அந்த அக்காதான் அலாரம். 2019 வறட்சியில அதே பக்கத்தை நேர்மாறா பார்த்தோம், லாரித் தண்ணி எத்தனை நாளைக்குன்னு.

மாட வீதி மாமி:
நீங்கள்லாம் தண்ணியைப் பத்தியே பேசறேள். 1994லேர்ந்து மயிலாப்பூர் டைம்ஸ் எங்காத்து வாசல்ல விழறது, இப்போ சைட்லயும் படிக்கறேன். அறுபத்துமூவர் அன்னிக்கு எந்த வீதியை அடைக்கறா, கோலப் போட்டி எப்போ, தெரிஞ்சவா யார் காலமானா, எல்லாம் அதுல வந்துடும். நியூஜெர்சியில இருக்கற என் தங்கை எனக்கு முன்னாடி படிச்சுட்டு அங்கேர்ந்து போன் பண்றா!

போரூர்:
கொடுத்து வெச்சவங்க. எங்க பக்கத்து சைட்டைத் திறந்தா முக்கால்வாசி மனை விளம்பரம். நடுவுல ஒரு வரி, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தெந்தத் தெருவுக்குன்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் திறக்கறேன். மாவு அரைக்கணுமே.