ஆர்டிஐ-ல கேட்ட வடிகால் டேட்டா ஜெராக்ஸ் கட்டா வந்திருக்கு, எக்செல் ஃபைலா வாங்க வழி இருக்கா?

வடிகால்வாசி:
வணக்கம் மக்களே. எங்க ஊர் மாநகராட்சில (பேர் வேணாம், தமிழ்நாடு தான்) மழைநீர் வடிகால் தூர்வாருன விவரம் கேட்டு ஆர்டிஐ போட்டிருந்தேன். ரெண்டு நிதியாண்டுக்கு வார்டு, தெரு, எத்தனை மீட்டர், எந்த கான்ட்ராக்டர், பில் தொகை எவ்ளோ, எல்லாத்தையும் எக்செல் ஃபைலா சிடிலயோ மெயில்லயோ குடுங்கன்னு. மழை பெஞ்சா தண்ணி நிக்கிற தெருவெல்லாம் நாங்க ஏற்கனவே மேப்ல குறிச்சு வச்சிருக்கோம், அதோட இதையும் சேத்துப் பாத்தா எந்த எடத்துல வேலை நடந்தும் தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சுடும், அவ்ளோ தான் நோக்கம்.

பதில் கெடுவுக்குள்ள வந்துருச்சு, அதுல கொறை இல்ல. பக்கத்துக்கு 2 ரூபா கட்டச் சொன்னாங்க, கட்டுனா ஒரு கட்டு ஜெராக்ஸ் வருது. தெரு பேரு ஒரு தாள்ல, அதுக்கான நீளமும் தொகையும் எங்கயோ இருபது தாள் தள்ளி, எது எதோட சேரும்னு பிரம்மாவுக்கு தான் வெளிச்சம். இதுல தொகை காலம் (நெடுவரிசை) முழுக்க வெறும் ##### தான். "மின்னணு வடிவில் வழங்க வழிவகை இல்லை"ன்னு ஒரு வரி. எங்க தெருவ ஏன் விட்டீங்கன்னு கேட்டதுக்கு "மனு வினா வடிவில் உள்ளது"ன்னு முடிச்சுட்டாங்க. வடிகால் மேப்பும் கேட்டிருந்தேன், அதுக்கு "பெரிய கால்வாய் இவ்வலுவலகம் சார்ந்ததல்ல". ஸ்கேன் பண்ணி ஓசிஆர் (படத்துல இருக்குற எழுத்த டைப் எழுத்தா மாத்துறது) போட்டுப் பாத்தேன், மேட்டுத் தெரு மோட்டுத் தெரு ஆயிடுது. மேல்முறையீடு போகவா, புதுசா மனு போடவா?

டீக்கடை பெஞ்ச்:
தொகை கேட்டதுக்கு #####-ஆ, கான்ட்ராக்டருக்கும் அப்படியே செக் எழுதிக் குடுத்துருப்பாங்க போல 😂

எக்செல் அண்ணாச்சி:
சிரிக்காதீங்கப்பா, அந்த ##### தான் தம்பிக்கு கெடச்ச துருப்புச்சீட்டே. எக்செல்ல காலத்தோட அகலம் பத்தலன்னா நம்பருக்கு பதிலா அப்படித்தான் வரும், டைப் அடிச்ச லிஸ்ட்லயோ கையால எழுதுன ரிஜிஸ்டர்லயோ வர வாய்ப்பே இல்ல. ஃபைல் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு அவங்களே பிரிண்ட் போட்டு அனுப்பிருக்காங்க. தாளோட அடில ஃபைல் பேரு, பக்க எண் ஏதாச்சும் விழுந்திருக்கான்னு பாருங்க.

ஆர்டிஐ சட்டத்துல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பிரிவு 2(ஜே) கம்ப்யூட்டர்ல இருக்குறத மின்னணு வடிவுல வாங்குற உரிமையத் தெளிவா சொல்லுது. 7(9) கேட்ட வடிவத்துலயே குடுக்கணும்குது, அலுவலகத்தோட ஆள்பலத்த அளவுக்கு மீறி இழுத்தாலோ பதிவேட்டுக்கு கேடு வந்தாலோ மட்டும் தான் விலக்கு. இருக்குற ஃபைல காப்பி பண்றதுக்கு எந்த ஆள்பலம் வேணும், நீங்களே சொல்லுங்க. ஜெராக்ஸ் எடுக்கத்தான் ஒரு ஆள் நாள் முழுக்க நின்னுருப்பாரு.

கோப்பு எண்:
நான் ஒரு உள்ளாட்சி அலுவலகத்துல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன், உள்ள இருந்து பாத்தத சொல்றேன். தம்பி கேட்ட மாதிரி ஒரே டேபிளா எந்த செக்‌ஷன்லயும் இருக்காது. இல்லாதத தொகுத்துக் குடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதனால "வார்டு வாரியா இப்படி இப்படி குடுங்க"ன்னு டேபிள் போட்டுக் கேட்டா தப்பிக்க நம்மளே கதவு திறந்து விட்ட கணக்கு. "ஏன்"னு கேட்டாலும் அதே தான், அந்தத் தெருவப் பத்தின கோப்புக் குறிப்போட நகல்னு கேளுங்க, காரணம் இருந்தா அதுலயே இருக்கும்.

அங்க இருக்குற பேப்பர அது பேர சொல்லிக் கேக்கணும். எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம் புக், பில். எம் புக்னா அளவுப் புத்தகம், என்ஜினியர் எடத்துக்குப் போய் நீளம் அகலம் ஆழம் எழுதுறது, அது இல்லாம பில் பாஸ் ஆகாது. லிஸ்ட்ல 300 மீட்டர்னு இருந்து எம் புக்ல வேற இருந்தா அங்க தான் கதையே. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையோட தணிக்கை அறிக்கையும் கேட்டு வைங்க, தணிக்கைல ஆட்சேபம் (தடை) எழுதிருந்தா வேலை மிச்சம்.

அதுக்கு முன்னாடி நேர்ல பார்வையிட ஒரு மனு போடுங்க. முதல் ஒரு மணி நேரத்துக்கு கட்டணம் கிடையாது, வேணுங்குற பக்கத்த குறிச்சுட்டு வந்து அத மட்டும் நகல் கேக்கலாம். எனக்குத் தெரிஞ்சு முக்காவாசி பேரு இத யூஸ் பண்றதே இல்ல.

வடிகால்வாசி:
அண்ணாச்சி, நீங்க சொன்னதும் எடுத்துப் பாத்தேன், எல்லா தாள்லயும் அடில ஃபைல் பேரு இருக்கு, கடைசில எக்ஸ்எல்எஸ்னு முடியுது!! கோப்பு எண் சார் ரொம்ப நன்றி, எம் புக்னு ஒன்னு இருக்குறதே இன்னைக்கு தான் தெரியும். அப்போ மேல்முறையீடு, புது மனு ரெண்டுமே போடணுமா?

கோப்பு எண்:
ரெண்டும் போடுங்க, ஒன்னுக்காக இன்னொன்னு நிக்க வேணாம். பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கு கட்டணம் இல்ல. மேல்முறையீட்டு அலுவலர் யாருன்னு பதில் கடிதத்துலயே இருக்கணும், இல்லன்னா பதவி பேர் மட்டும் போட்டு அதே அலுவலகத்துக்கு அனுப்புங்க. அவர் 30 நாள்ல முடிவு சொல்லணும், மிஞ்சிப் போனா 45. அதுக்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள் டைம் இருக்கு, ஆனா அங்க போனா விசாரணைக்கு நம்பர் வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துரும், அதனால இங்கயே முடிக்கப் பாருங்க.

கட்டுரை எழுதாதீங்க. இந்த ஃபைல் பேரு, இந்தப் பக்கம், தொகை படிக்க முடியல, 2(ஜே), 7(9). மறுத்தது சரின்னு நிரூபிக்கிற பொறுப்பு 19(5)-படி அவங்களுது, அதையும் ஒரு வரி. அந்த ##### பக்கத்தோட நகல் ஒன்னு இணைப்பா வைங்க.

மேப்பு கிறுக்கன்:
மேப் விஷயத்துக்கு என் பங்கு. "எங்களுது இல்ல"ன்னு கைகழுவ முடியாது, பிரிவு 6(3)-படி 5 நாளுக்குள்ள சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு மாத்தி விட்டு உங்களுக்கும் தெரிவிக்கணும். பெரிய கால்வாய் பெரும்பாலும் நீர்வளத்துறை, மெயின் ரோட்டோர வடிகால் சில எடத்துல நெடுஞ்சாலைத்துறை, அங்கயும் தனித்தனியா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி போட்டுருங்க, மாத்தி விடுவாங்கன்னு காத்திருக்காதீங்க. மேப்ப ஷேப் ஃபைல்னு (மேப் சாப்ட்வேர்ல திறக்குற ஃபைல்) கேக்கும்போது "இருக்கும் வடிவிலேயே"ன்னு சேத்துக்கோங்க, ஆட்டோகேட்ல வரைஞ்சு வச்சிருந்தா ஷேப் ஃபைல் இல்லன்னு பதில் வந்துரும்.

ஓப்பன்சிட்டி தளத்துலயும் ஒரு தடவ தேடிப் பாருங்க, யாராச்சும் ஏற்கனவே வாங்கி ஏத்தி வச்சிருக்கலாம். டெண்டர் விவரம் அரசு டெண்டர் தளத்துலயே கெடைக்கும், அதுக்கு ஆர்டிஐ வேணாம்.

வடிகால்வாசி:
மேல்முறையீடு டைப் பண்ணிட்டு இருக்கேன். கடைசியா ஒரு சந்தேகம், ஃபைல் வாங்கப் போகும்போது பென்டிரைவ் கொண்டு போகலாமா?

எக்செல் அண்ணாச்சி:
வைரஸ் வரும்னு சொருக விடமாட்டாங்க. கட்டண விதில இன்னும் ஃப்ளாப்பிக்கு 50 ரூபான்னு தான் போட்டிருக்கு தம்பி, சிடிக்கும் அதே கணக்கு தான் போடுவாங்க. பிரிக்காத புது சிடி ஒன்னு கைல வச்சுக்கோங்க, ஆபீஸ்ல சிடி எழுதுற மெஷின் இருக்கான்னு மொதல்ல ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க, இல்லன்னா மெயில் ஐடிய மனுவுலயே எழுதிக் குடுத்துருங்க.