ஃபிளாப்புக்குத் தமிழில் என்ன? – வாய் அறுவைப் பாடநூல், இயல் 6

வண்ணார்பேட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாய், முக அறுவைப் பாடநூலின் ஆறாவது இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும். ஒரே ஒரு சொல் வழிமறித்து நிற்கிறது. ‘கிராஃப்ட்’ வரும் இடத்திலும் ‘ஃபிளாப்’ வரும் இடத்திலும் வரைவில் ‘ஒட்டு’ என்றே கிடக்கிறது. சில பக்கங்களில் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. படித்தால் தலை சுற்றுகிறது. ஒட்டுமாங்கன்று மாதிரி ஊரெல்லாம் தெரிந்த சொல் என்பதால் கிராஃப்டுக்கு ‘ஒட்டு’ இருக்கட்டும். ஃபிளாப்புக்கு என்ன போடலாம்? புதன் இரவுக்குள் சொன்னால் நல்லது.

பாளை எழுதியது:

முதலில் ஏன் வேறு சொல் வேணும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லாராய்ச்சிக்குப் போகலாம்.

ஒட்டு என்பது பிறந்த இடத்தோடு உறவை முழுக்க அறுத்துக்கொண்டு வந்த தோல். தொடையிலிருந்து 0.3 மி.மீ. கனத்தில் சீவி எடுத்தால் அதற்கென்று சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் புண்ணின் படுகையில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரைப் பிடித்திருக்கும். அப்புறந்தான் இரண்டு பக்கத்து நுண்குழாய்களும் வாய் கோத்துக்கொள்ளும். அதனால் அதைப் படுகையோடு அழுத்தி, மேலே பஞ்சுப்பொதி வைத்து, தையல் நூலாலேயே இழுத்துக் கட்டி, சுமார் ஐந்து நாள் பிரிக்காமல் விடுகிறோம். அடியில் ரத்தம் கட்டினாலும் தோல் வழுக்கினாலும் பிடிக்காது. உறை உரிந்த வெற்றெலும்பின் மேல் வைத்தாலும் பிடிக்காது.

ஃபிளாப் தன் ரத்தக்குழாயைக் கையோடு கொண்டுவரும் தோலோ சதையோ. வெற்றெலும்பையும் மூடும். வாய்ப்புற்றை வெட்டி எடுத்த குழியை மார்புத்தசையால் அடைக்கிறோமே, 1979-இல் அறுவை மருத்துவர் ஏரியன் எழுதிப் பரவிய முறை, அதில் தசையும் தோலும் சேர்ந்து கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைந்து வாய்க்கு வருகின்றன. ரத்தக்குழாய் ஓடும் காம்பு கழுத்தில் கிடக்கிறது. மூச்சுக்குழாய்த் துளைக் குழலின் நாடாவை அந்தக் காம்பின் மேல் இறுக்கிக் கட்டினால் மேலே உள்ள தோல் செத்துவிடும்.

‘ஒட்டை அழுத்திக் கட்டவும்’ என்று ஒரு பக்கத்தில் படித்த பிள்ளை, அடுத்த பக்கத்தில் மார்புத்தசைக்கும் ‘ஒட்டு’ என்று கண்டால் என்ன செய்யும்? அதையும் அழுத்திக் கட்டும். எனக்குச் சொல் அழகாக இருக்கவேண்டாம்; ரத்தம் வரும் வழி அதில் தெரிந்தால் போதும்.

அம்பை எழுதியது:

பாளை டாக்டரம்மா கேட்ட சொல் நம்ம பனையிலேயே தொங்குகிறது: மடல்.

மட என்னும் வேருக்கு வளைதல் பொருள். மடி, மடங்கு, மடக்கு, மடல் எல்லாம் ஒரு தாய் மக்கள். ஒரு பக்கம் பற்றியபடி மறுபக்கம் விரிந்து மடங்குவது மடல். பனைமடலைப் பாருங்கள்: அடி மரத்தோடு ஒட்டியிருக்கிறது, சாறு அடிவழியாகத்தான் ஏறுகிறது, நுனி விரிந்து ஆடுகிறது. அடியை அறுத்தால் ஓலை காய்கிறது. இதைவிடக் காரணப்பெயர் வேண்டுமா?

‘காமம் உழந்து வருந்தினார்க்கு ஏமம் மடலல்லது இல்லை வலி’ என்கிறது குறள். காமத்தை எடுத்துவிட்டு, எலும்பு வெளியே தெரியும் தாடையை வைத்துப் படியுங்கள். ஏமம், அதாவது காப்பு, மடலல்லது இல்லை என்பது அறுவைக்கும் பொருந்தும்.

நாங்குநேரி எழுதியது:

அண்ணாச்சி, மடலேறுதல் என்றால் காதல் கைகூடாதவன் கருக்குமட்டையில் குதிரை செய்து ஏறுவது. ஏறினவன் உடம்பெல்லாம் கிழியும். நோயாளியிடம் இந்தக் குறளைச் சொல்லிவிடாதீங்க.

விளையாட்டு போகட்டும். காதுமடல் இருக்கிறது, கண்மடல் இருக்கிறது. அறுந்த காதைச் சீரமைக்கும் பகுதியில் ‘காதுமடலின் பின்புறத்திலிருந்து மடல் கிளப்பி மடலின் விளிம்பில் தைக்கவும்’ என்று வரும். எந்த மடலை எந்த மடலில் தைப்பது? நுரையீரல் பிரிவுக்கும் மடல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. போதாததற்கு நாம் இங்கே எழுதிக்கொண்டிருப்பதும் மடல்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் ஆயா முதல் பேராசிரியர் வரை சொல்வது ஃபிளாப். பஸ், பேனா மாதிரி அதையும் அப்படியே எடுத்துக்கொள்வதில் என்ன குறைச்சல்? வடசொல்லை எழுத்து மாற்றி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டார்.

அம்பை எழுதியது:

வழிவிட்டார், வே. ‘வடஎழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை விலக்கி, என்று நிபந்தனை போட்டு வழிவிட்டார். ‘ஃபி’யில் அந்த ஆய்தத்தை எந்த விதிப்படி முதலில் வைத்தீர்? ஆய்தம் குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவில் வருவது. அஃது, எஃகு. சொல்லுக்கு முதலில் வராது. பிளாப்பு என்று எழுதும், ஒத்துக்கொள்கிறேன்.

நாங்குநேரி எழுதியது:

பிளாப்பு என்றால் பலாப்பழம் விற்கிற மாதிரி இருக்கு.

தென்காசி எழுதியது:

தோட்டக்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டு என்று தோட்டத்துச் சொல்லை எடுத்தீர்கள் அல்லவா? அதன் உடன்பிறப்பு பதியன். மல்லிகைக் கிளையை அறுக்காமல் வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் புதைக்கிறோம். நுனி வெளியே நிற்கும். வேர்விடும் வரை தாய்ச்செடி பாலூட்டும். வேர்விட்டதும் தாயிடமிருந்து அறுத்துவிடுவோம்.

மூக்கு அறுபட்டவனுக்கு நெற்றித்தோலைத் திருப்பி மூக்கில் தைப்பது அச்சு அசல் இதுதான். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்ட மாட்டுவண்டிக்காரர் காவஸ்ஜிக்கு இப்படி மூக்கு வைத்த செய்தி 1794-இல் லண்டன் இதழில் படத்தோடு வந்தது. அதைக் கண்டு ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814-இல் அங்கே செய்து பார்த்தார். ஒட்டும் பதியனும் என்று ஜோடியாக வைத்தால் வேளாண்மை தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கமே தேவையில்லை.

பாளை எழுதியது:

தென்காசிக்காரர் சொன்னது நெற்றித்தோலுக்குக் கச்சிதம். புருவத்துக்கு மேலே ஏறும் தமனியைக் காம்பில் வைத்து, காம்பை ஒன்றரை செ.மீ. அளவு ஒடுக்கமாக விட்டு, கீழே திருப்பித் தைக்கிறோம். சுமார் மூன்று வாரத்தில் மூக்குப் பக்கம் ரத்தம் பிடித்ததும் காம்பை அறுக்கிறோம். பதியனேதான்.

ஆனால் பல் அறுவையில் தினமும் கிளப்புவது அப்படியல்ல. புதைந்த கடைவாய்ப்பல்லை எடுக்க ஈறையும் எலும்புறையையும் ஒரே தகடாக, கத்தி எலும்பைத் தொடும்படி வெட்டிக் கிளப்புகிறோம். வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துத் தைக்கிறோம். எதையும் அறுப்பதில்லை, எங்கும் நடுவதில்லை. கோரைப்பல் மேலண்ணத்தில் புதைந்திருந்தால் அண்ணத்தோலைக் கிளப்பி, பல்லில் கொக்கியும் சங்கிலியும் ஒட்டி, தோலை மூடிவிட்டு, பல்சீரமைப்பு மருத்துவர் இழுக்கச் சங்கிலியை வெளியே விடுகிறோம். இதைப் பதியன் என்றால் தோட்டக்காரரே சிரிப்பார்.

இந்த வகைக்கு ‘மடல்’ பொருந்துகிறது, ஒரு காரணத்துக்காக: அடி அகலம், நுனி ஒடுக்கம் என்ற விதி. நெற்றித்தோல் மாதிரி காம்பில் தனித் தமனி இதில் கிடையாது; அடி ஒடுங்கினால் நுனிக்கு ரத்தம் எட்டாது, கறுத்துவிடும். ஆனால் அண்ணாச்சி, பனைமடலில் இது தலைகீழ். அடி ஒடுக்கம், ஓலைதான் அகலம். அந்த உவமையைப் பாடநூலில் போட்டால் பிள்ளைகள் தப்பாக வெட்டுவார்கள்.

மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். இயல் 6-இல் இவை சொதப்பலாக இருக்கின்றன. தையல்கோடு திடமான எலும்பின் மேல் அமரணும். தோண்டிய குழியின் மேல் அமர்ந்தால் பிளந்துகொள்ளும். மடல் விரிய ஈற்றோரத்திலிருந்து இறக்கும் வெட்டைப் பல்லின் மூலையில் தொடங்கணும், இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள ஈறுமுனையை நடுவாகப் பிளக்கக்கூடாது. கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லின் பின்வெட்டைக் கன்னத்துப் பக்கமாகத் திருப்பணும். தாடை எலும்பு அங்கே வெளிப்பக்கம் விரிகிறது. நேராகப் பின்னால் போனால் கத்தி எலும்பை விட்டு நழுவி நாக்கு நரம்பை வெட்டும். மூடும்முன் அடியில் உப்புநீர் பீய்ச்சிக் கழுவணும். எலும்புத்தூள் தங்கினால் பிறகு சீழ் கட்டும்.

அம்பை எழுதியது:

உவமை தவறு, ஒப்புக்கொண்டேன். சொல் தவறல்ல. அதே வேரில்தான் மடையும் என்று நினைக்கிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் மடைவழியாகத்தான் வயலுக்கு உயிர் போகிறது. மடையிலிருந்து மடல், மடலிலிருந்து...

பாளை எழுதியது:

அண்ணாச்சி, வேர் இருக்கட்டும். மடை உவமையை நான் எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் எப்போதும் குழம்பும் இடம் அதுதான். தமனி அடைத்தால் மடை அடைத்த வயல்: வெளிறி, சில்லிட்டு, விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமாகும், ஊசியால் குத்தினால் ரத்தம் வராது. சிரை அடைத்தால் வடிகால் அடைத்த வயல்: நீலம் பாரித்து, வீங்கி, அழுத்திவிட்டால் நிறம் சட்டென்று திரும்பும், குத்தினால் கறுத்த ரத்தம் வேகமாக வரும். நிறம் சீக்கிரம் திரும்புவதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். பயிர் அழுகுவது அப்போதுதான். இயல் 6-இல் ஒரு பெட்டிச்செய்தியாகப் போடலாம்.

வண்ணார்பேட்டை எழுதியது:

பெட்டி போட்டாச்சு. நாளை புதன். இன்னும் ஒன்று பாக்கி: முழுக்க அறுத்து எடுத்து, வேறு இடத்தில் குழாயைத் தைத்து இணைக்கும் வகை. கெண்டைக்கால் சிற்றெலும்பால் தாடை, முன்கைத் தோலால் நாக்கு. அம்பை அண்ணாச்சி ‘தனிமடல்’ என்று எனக்குத் தனிமடலில் எழுதியிருக்கிறார்.

நாங்குநேரி எழுதியது:

‘நோயாளிக்குத் தனிமடல் வைக்கப்பட்டது.’ போதும், சாமி.

தென்காசி எழுதியது:

பிடுங்கிக் கொண்டுபோய் வேறு வயலில் வைப்பது நடவு. நடவுமடல்.

பாளை எழுதியது:

நாற்றை ஊன்றினால் தானே பிடிக்கும். இதை இரண்டு மி.மீ. தமனியில் நுண்ணோக்கி வழியாக 9-0 என்னும் மிக மெல்லிய நூலால் தைக்கணும், முதல் நாள் மணிக்கு ஒருதரம் பார்க்கணும். இருந்தாலும் இடம் மாறுகிறது என்பது தெரிகிறது. எனக்குச் சம்மதம்.

வண்ணார்பேட்டை எழுதியது:

சரி. பொதுப்பெயர் மடல். காம்பைப் பிறகு அறுப்பது பதியமடல். குழாய் தைப்பது நடவுமடல். காது வரும் இடத்தில் மடல் சேர்க்காமல் ‘புறக்காது’ என்றும், கண்மடலை ‘இமை’ என்றும் மாற்றிவிடுகிறேன். முதல் தடவை வரும்போது மட்டும் ‘ஃபிளாப் எனப்படும் மடல்’. ஆய்தத்தோடுதான், அண்ணாச்சி மன்னிக்கணும். மூன்று பேர் சரி என்கிறார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. சரி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நாங்குநேரி எழுதியது:

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் தொங்கும் அட்டவணையில் ஃபிளாப் என்றுதான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நிறம் மாறினால் ‘மடல் நீலம்’ என்று போனில் சொல்ல மாட்டார்கள்.

அம்பை எழுதியது:

ஆய்தத்துக்கு என் மறுப்பையும் சேர்த்துக் குறியும்.

பாளை எழுதியது:

அச்சுக்குப் போகும்முன் ஒன்று. ‘காம்பு’ என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறோம். ஒன்பதாம் இயல் மார்பகச் சீரமைப்பு. அங்கே காம்பு என்றால் வேறு. ‘காம்பைக் காம்போடு சேர்த்துக் கிளப்பவும்’ என்று ஒரு வரி இப்போதே வந்து நிற்கிறது.

வண்ணார்பேட்டை எழுதியது:

ஒன்பதாம் இயலுக்கு அடுத்த மாதம்தான் கெடு. புது இழை தொடங்குங்க, டாக்டரம்மா.