வேறு காரில் ஓடிய அலாய் வீல்களை மாட்டியவர்களின் அனுபவங்கள்

சென்னை, ஸ்விஃப்ட் 2012

புதுப்பேட்டையில் வாங்கிய நான்கு பழைய அலாய் வீல்களைப் பற்றி எழுதுகிறேன். மூன்று மாதங்கள் ஆகியும் அவற்றை மாட்டிய அந்த மாலைப்பொழுது என் மனத்தை விட்டு அகலவில்லை. அவை ஹோண்டா சிட்டியில் ஓடியவை. இரண்டு கார்களுக்கும் பிசிடி (நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 4×100 என்பதால் மறுயோசனை இல்லாமல் வாங்கிவிட்டேன். டயர் கடையில் வீல்களோடு வந்த நட்டுகளையே எடுத்து ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் சுழலும் முடுக்கி) முடுக்கினார்கள். சிட்டியின் நட்டு மரை 12×1.5, ஸ்விஃப்ட்டின் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) மரை 12×1.25; தடிமன் ஒன்றுதான், மரைகளின் இடைவெளிதான் வேறு. இரண்டு சுற்று தானாக ஏறிய நட்டு பிறகு இறுகி நின்றது. கன்னை மேலும் அழுத்தியதும் ஒரு கிறீச்சொலி எழுந்து, ஸ்டட்டின் மரை வெள்ளி நிறச் சுருள்களாகத் தரையில் உதிர்ந்தது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மூன்று ஸ்டட்டுகளை மாற்றிச் சரியான நட்டுகளைப் போட்ட பிறகும், வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. இருமுறை பேலன்சிங் செய்தும் தீரவில்லை. வீலின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், அதற்குள் இருந்த ஹப் ரிங் (நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் வளையம்) சிட்டிக்கான 56.1, என் காரின் ஹப் (வீல் பொருந்தும் நடுப்பகுதி) 54.1. அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிதான் காரணம் என்பதை, ரிங்கை மாற்றிய அன்று நடுக்கம் நின்றபோது உணர்ந்தேன்.

மதுரை, இன்னோவா

சென்னை நண்பர் ஹப் ரிங்கின் மீது முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூம்பு நட்டுகள் சரியாக உட்கார்ந்தால் அவையே வீலை நடுவில் நிறுத்திவிடும். உங்கள் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு நட்டுகளை முடுக்கியிருப்பார்கள், வண்டியின் எடையில் வீல் நடுவில் உட்காராமல் இறுகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

என் கதை இதைவிடக் கொடியது. ஸ்கோடா ஆக்டேவியா காரில் ஓடிய 5×112 வீல்களை, 5×114.3 உள்ள இன்னோவாவில் "ரெண்டு மில்லிமீட்டர்தானே சார்" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள். நட்டுகள் இறுகின, நானும் நம்பிவிட்டேன். குடும்பத்தோடு திருச்சிக்குப் போகும் வழியில் விராலிமலைக்கு அருகே, மெதுவாகச் செல்லும்போது மட்டும் இடப்பக்கத்திலிருந்து 'டக், டக்' என்று ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. பின் இருக்கையில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அந்த வீல்கள் அன்றிரவே கழற்றப்பட்டன.

கோவை, போலோ

என் அனுபவம் சிறியது. பழைய அலாய்களைக் கம்பெனி போல்ட்டுகளாலேயே மாட்டினேன். 300 கிலோமீட்டர் ஓடிய பின் ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது நான்கு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. போலோவுக்கு ஃபோக்ஸ்வேகன் தரும் போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டை வடிவம், வெளிச்சந்தை வீலின் குழியிலோ 60 பாகைக் கூம்பு. இரண்டும் மெல்லிய கோடு அளவுக்குத்தான் ஒட்டும்.

மதுரை ஐயாவின் வாதம் பாதி உண்மை. கூம்பு நட்டு நடுநிறுத்தும். ஆனால் ஏர் கன்னால் ஒரு நட்டை முதலில் முழுதாக இறுக்கிவிட்டால் வீல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுவிடும், ரிங் இருந்தால் அப்படி ஒதுங்க முடியாது. எனவே பழைய வீல் வாங்குவோர் யாராயினும் முதலில் வீலின் பின்புறத்தைக் கழுவிப் பாருங்கள். உள்விளிம்பில் வெல்டிங் தழும்பு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். டயர் மாட்டிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் வீல் அகலத்தின் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது) எண் பெரும்பாலும் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் வீல் 10 மில்லிமீட்டர் வெளியே வரும், முழுச் சுமையில் ஃபெண்டரில் (டயருக்கு மேலுள்ள பாடித் தகடு) டயர் உரசக்கூடும். எடை தாங்கும் அளவும் அங்கேயே இருக்கலாம். இன்னோவா போன்ற கனமான வண்டிக்கு அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நட்டுகளைக் கையால் குறுக்குக் குறுக்காக ஏற்றி, டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடியுங்கள்: போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், சிட்டிக்கு 108. 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

சென்னை, ஸ்விஃப்ட் 2012

மதுரை ஐயா ஊகித்தது சரியே. வண்டியைத் தரையில் இறக்கித்தான் முடுக்கினார்கள். ஆனாலும் ரிங்கை மாற்றிய அன்றும் அப்படியேதான் முடுக்கினார்கள், நடுக்கம் இல்லை. உதிர்ந்த மரைச் சுருள் ஒன்று இன்னமும் என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது.