கோல்ஃப் 6 ஜிடிஐ: டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் ஒரே மேப் சரிவருமா?

சாட்ஸ்வொர்த்_ஜிடிஐ:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2011 கோல்ஃப் 6 ஜிடிஐ, சிசிஇசட்பி இன்ஜின், ஆறு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி கியர்பாக்ஸ்). 1,68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதுவரை கம்பெனி நிலையிலேயே இருக்கிறது, எதுவும் மாற்றவில்லை. இப்போது ஸ்டேஜ் 1 போடலாம் என்று யோசனை, அதாவது இன்ஜின் கணினியின் ஃபைலை (மேப்) மட்டும் மாற்றிப் பவர் கூட்டுவது.

குடியிருப்பது டர்பனில். ஆனால் என்3 நெடுஞ்சாலை வழியாக அடிக்கடி ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போய்வரும் வண்டி இது. ஒரு ட்யூனர் கடலோரத்துக்கு ஒன்று, ஹைவெல்டுக்கு (ஜோபர்க் இருக்கும் மேட்டுநிலம்) ஒன்று என இரண்டு மேப் வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஒரே ஃபைல் போதும், மீதியை ஈசியூ (இன்ஜின் கணினி) பார்த்துக்கொள்ளும் என்கிறார். எது சரி? மேலே போனால் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமா? மேப்புக்கு முன்னால் எதையாவது மாற்ற வேண்டுமா?

இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி கடகடவென்று சத்தம் வருகிறது. 1,000 கி.மீ.க்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறது.

பீனிக்ஸ்_பட்டறை:

தம்பி, மேப்பை ஒரு ஓரமாக வையுங்கள். அந்த ஒரு நொடிச் சத்தம்தான் முதல் வேலை.

இந்த இன்ஜினில் பழைய மாடல் டைமிங் செயின் டென்ஷனர் பேர்போன பலவீனம். இன்ஜின் நின்றதும் ஆயில் அழுத்தம் இறங்கும். அப்போது டென்ஷனரைப் பிடித்து நிறுத்த வேண்டிய பல்லும் வளையமும் தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் செயின் தொளதொளத்துவிடும். ஸ்டார்ட் போட்டு ஆயில் ஏறும் வரை கேட்பது அந்தச் சத்தம்தான். செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட் காலி. ஸ்டேஜ் 1 போட்ட வண்டியிலும் இதுதான் நடக்கும், போடாத வண்டியிலும் இதுதான்.

கழற்றாமலே பார்க்க வழி உண்டு. விசிடிஎஸ்ஸில் (ஈசியூவை லேப்டாப்பில் படிக்கும் மென்பொருள்) அளவீட்டுத் தொகுதி 93ஐத் திறந்து, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் கேம் ஃபேஸ் (உள்வால்வு கேம் ஷாஃப்டின் விலகல்) எவ்வளவு என்று பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 4 டிகிரியைத் தாண்டினால் செயின் நீண்டுவிட்டது என்பது பட்டறைக் கணக்கு. மாற்றுவதென்றால் டென்ஷனர் மட்டும் என்று நிறுத்தாதீர்கள். செயின், வழிகாட்டிகள், கீழ் கவர், கிராங்க் போல்ட் எல்லாம் புதிது. கிராங்க் போல்ட் ஒருமுறைதான், மறுபடி பூட்டக் கூடாது. அதைத் தளர்த்தியதும் உள்ளே செயின் ஸ்ப்ராக்கெட்டின் பிடியும் விட்டுப்போகும், அதனால் அதைப் பிடித்து நிறுத்தும் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கேம் பிரிட்ஜுக்குள் ஒரு சின்ன வடிவலை இருக்கிறது. அது பிய்ந்து வந்து ஆயில் பாதையை அடைக்கும், திறந்த கையோடு அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆயில். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை கம்பெனியே ஒத்துக்கொள்கிறது. ஆகவே கணக்குப்படி நீங்கள் வரம்புக்குள்தான். ட்யூன் செய்ய நினைப்பவருக்கு அந்த வரம்பு போதாது. எரியும் ஆயில் கலவையின் ஆக்டேனைக் கீழே இழுக்கும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) அங்கேதான் ஆரம்பம். முதலில் பிசிவியைச் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி உறிஞ்சவிடும் வால்வு) சந்தேகப்படுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது உறிஞ்சிப் பிடித்தாலோ விசில் அடித்தாலோ உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது. அது நன்றாக இருந்தால் கம்ப்ரெஷன் எடுங்கள்: சூடான இன்ஜின், நாலு பிளக்கும் வெளியே, பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ஜோபர்க்கில் எடுத்தால் எண்கள் எல்லாமே குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து ரிங் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்.

மிட்லேண்ட்ஸ்_மேன்:

இதெல்லாம் செலவு பிடிக்கும் பேச்சு. ஒரேயடியாக டவுன்பைப் (டர்போவை அடுத்த, கேட்டலிஸ்ட் இருக்கும் புகைக்குழாய்) மாற்றிப் போட்டு ஸ்டேஜ் 2க்குப் போங்கள். ஸ்டேஜ் 1 பாதி வேலைதான்.

லெனேசியா_டர்போ:

ஸ்டேஜ் 2 பற்றி ஒரே வரி: கே03 டர்போ சின்னது, மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்கிவிடும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டை எடுத்தால் கிடைப்பது கொஞ்சம், கூடவே வருவது பெட்ரோல் நாற்றமும் பி0420 பிழைக் குறியீட்டு விளக்கும். இந்த வண்டிக்கு வேண்டாம்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். இரண்டு ட்யூனரும் சொன்னது பாதிப் பாதி சரி.

டர்பனில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். ஜோபர்க் 1,750 மீட்டர் உயரம், அங்கே 830 அளவில்தான். இந்த ஈசியூ கணக்குப் போடுவது மொத்த அழுத்தத்தில். ஸ்டேஜ் 1 ஃபைல் உச்சத்தில் 2,200 மில்லிபார் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் டர்போ காற்றை 2.17 மடங்கு அழுத்தினால் போதும். ஜோபர்க்கில் அதே 2,200க்கு 2.65 மடங்கு அழுத்த வேண்டும். சின்ன டர்போவுக்கு அது செயல்திறன் எல்லைக்கு வெளியே. சக்கரம் அதிக வேகத்தில் சுற்றும், காற்று கண்டபடி சூடாகும். செயல்திறன் 70 சதவீதம் என்றால் டர்பனில் 25 டிகிரிக் காற்று 130 டிகிரியாக வெளியே வரும். ஜோபர்க்கில் செயல்திறன் 65க்கு இறங்கினால் 170ஐத் தாண்டும். இதெல்லாம் இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விப்பது) முந்தைய கணக்கு. வெளியே குளிராக இருந்தும் ஜோபர்க்கில் டர்போ சாவது இதனால்தான்.

அதனால் ஃபைல் ஒன்றே போதும், ஆனால் அதற்குள் உயர வரம்பு எழுதியிருக்க வேண்டும். ட்யூனரிடம் நேராகக் கேளுங்கள்: "வெளிக் காற்றழுத்தம் 830 ஆகும்போது கேட்கும் பூஸ்ட் (டர்போ அழுத்தம்) எவ்வளவு?" மொத்தம் 2,000ஐ ஒட்டி நிறுத்தியிருந்தால் விகிதம் 2.4, டர்போ பிழைக்கும். இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவே. "அதெல்லாம் ஈசியூ பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பல ஃபைல்களில் அந்த வரம்பைத்தான் முதலில் தூக்கிவிடுகிறார்கள். இரண்டு மேப் வைத்து மாற்றிக்கொள்வதில் தொல்லை அதிகம். வான் ரீனன் கணவாயில் யார் லேப்டாப்பைத் திறப்பது?

93 வேண்டவே வேண்டாம். மேலே 93 போதும் என்ற பழக்கம் டர்போ இல்லாத வண்டிகளுக்கானது. காற்று அடர்த்தி குறைவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையும், ஆகவே 93 தாங்கும். டர்போ அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது, இன்ஜினுக்குத் தான் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதி தெரியாது. அதுவும் ஹாரிஸ்மித்தில் 93ஐ நிரப்பிக்கொண்டு மலை இறங்கி, தைப்பூச வெக்கையில் (இங்கே அது கோடை) டர்பன் டிராஃபிக்கில் நிற்பது இருக்கிறதே, அதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. எங்கே இருந்தாலும் 95. ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலும் வேண்டாம். மாங்கனீஸ் கலந்தவை பிளக்கில் செம்பழுப்பாகப் படிந்து மிஸ்ஃபயரைக் கொண்டுவரும்.

இன்னொன்று. ஜோபர்க் டைனோ (உருளைமேல் ஓட்டிப் பவர் அளக்கும் கருவி) காகிதத்தை டர்பன் காகிதத்தோடு ஒப்பிடாதீர்கள். உயரத் திருத்தம் டர்போ இல்லாத இன்ஜினுக்காக எழுதப்பட்டது. சக்கரத்தில் 155 கிலோவாட் உள்ள வண்டியைச் சுமார் 1.2ஆல் பெருக்கி 186 என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். டர்போ ஏற்கெனவே ஈடுகட்டியதற்கு மறுபடியும் மார்க் போடுவது அது. திருத்தம் இல்லாத எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த்_ஜிடிஐ:

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். ஸ்டாக் மேப்பில், 95 போட்டு, டைனோவில் மூன்றாம் கியரில் லாக் (ஈசியூ எண்களின் பதிவு) எடுத்தேன். கேம் ஃபேஸ் மைனஸ் 5.2. 5,500 ஆர்பிஎம்மில் நாக் ரிட்டார்ட் (நாக்கிங்குக்காக ஈசியூ தீப்பொறியைத் தாமதிக்கும் அளவு): சிலிண்டர் 1 – 1.5, 2 – 0.75, 3 – 2.25, 4 – 6.0 டிகிரி. இன்டேக் வெப்பம் 38இல் தொடங்கி 61இல் முடிந்தது. பிசிவி நன்றாக இருக்கிறது, கம்ப்ரெஷனும் நாலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலாவது காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) மாற்றினால் போதுமா? டிஎஸ்ஜி தாங்குமா?

பீனிக்ஸ்_பட்டறை:

மைனஸ் 5.2 என்றால் பேச்சே இல்லை, செயின் செட் முழுக்க மாற்றுங்கள். அதுவரை அடக்கமாக ஓட்டுங்கள். லாக்கை டைனோவில் எடுத்தது நல்ல வேலை. மூன்றாம் கியரில் 6,500 தொட்டால் வேகம் 130ஐத் தாண்டிவிடும், ரோட்டில் செய்கிற காரியம் இல்லை.

நாலாவது சிலிண்டருக்குக் காயில் மாற்றிப் பயனில்லை. காயில் போனால் மிஸ்ஃபயர் வரும், நாக் ரிட்டார்ட் ஏறாது. பெட்ரோல் மோசம் என்றால் நாலு சிலிண்டரும் சேர்ந்து பின்வாங்கியிருக்கும். ஒன்று மட்டும் தனியாக நிற்பதால் சந்தேகம் மூன்று: பிளக், இன்டேக் வால்வில் கார்பன், அரைகுறையாக அடைத்த இன்ஜெக்டர். பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு மறுபடி லாக் எடுங்கள், காசில்லாத சோதனை. ரிட்டார்ட் பிளக்கோடு நகர்ந்தால் வேலை முடிந்தது.

நகரவில்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் இந்த இன்ஜினில் வால்வின் பின்புறத்தைக் கழுவ எதுவும் கிடையாது. 1,68,000 ஓடிய வண்டியில் தண்டு தெரியாத அளவுக்குக் கரி இருக்கும். ஸ்ப்ரே அடித்துப் பிரயோஜனமில்லை, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துத்தான் எடுக்க வேண்டும். அடிக்கும் சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்கிறதா என்று கிராங்கைத் திருப்பிப் பார்த்த பிறகே தூளை விடச் சொல்லுங்கள். அதே கையோடு இன்ஜெக்டர்களை வெளியே எடுத்து ஃப்ளோ பார்த்து, டெஃப்லான் வளையங்களைப் புதிதாகப் போடுங்கள். நாக் சென்சார் போல்ட் 20 நியூட்டன் மீட்டர்தான். அதைக் கூடக்குறையப் பூட்டினாலும் சென்சார் பொய் சொல்லும்.

புதுப் பிளக் போடும்போது ஸ்டேஜ் 1க்கு இடைவெளி 0.7 மி.மீ. நடு முனையை நெம்பி வளைக்காதீர்கள், பக்கத்து முனையை மட்டும். டர்போவின் டைவர்ட்டர் வால்வையும் பாருங்கள். பார்ட் எண் 'டி'யில் முடிந்தால் பிஸ்டன் வகை, விட்டுவிடலாம். அதற்கு முந்தையது ரப்பர் படலம், கூடுதல் பூஸ்ட்டில் கிழிந்து, பூஸ்ட் போதவில்லை என்ற பி0299 குறியீடு காட்டும்.

லெனேசியா_டர்போ:

61 டிகிரி ஸ்டாக் மேப்புக்கே அதிகம்தான், டைனோ விசிறி போதாமலும் இருந்திருக்கலாம். டர்பன் கோடைக்குப் பெரிய இன்டர்கூலர் ஸ்டேஜ் 1இலேயே காசுக்குத் தகும். டவுன்பைப்புக்கு வைத்திருக்கும் பணத்தை அங்கே போடுங்கள்.

டிஎஸ்ஜி: இது டிக்யூ 250, ஆயிலில் நனைந்த கிளட்ச், 350 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. ஸ்டாக் இன்ஜின் 280. ஸ்டேஜ் 1 ஃபைல்கள் பல 350ஐத் தாண்டும், அதுவும் 2,500 ஆர்பிஎம்மிலேயே, கிளட்சுக்கு அதுதான் கெட்ட இடம். கீழ் ஆர்பிஎம் டார்க்கை 350இல் அடக்கி, மேலே பவரை விடச் சொல்லுங்கள். காகிதத்தில் எண் சின்னதாகத் தெரியும், கியர்பாக்ஸ் நீடிக்கும். ஆயிலும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கட்டாயம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கையில். சூடாகிவிட்ட பிறகு பார்த்தால் விரிந்த ஆயில் வழிந்துபோய், உள்ளே குறைவாக நின்றுவிடும். முடித்ததும் அடிப்படை அடாப்டேஷன் (கியர்பாக்ஸ் கிளட்சை மறுபடி பழகிக்கொள்வது) ஓட்டச் சொல்லுங்கள். மேப் போட்ட பின் முழு மிதியில் ஆர்பிஎம் துள்ளி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது, உடனே டார்க்கைக் குறையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ட்யூனரிடம் ஒரிஜினல் ஃபைலின் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள். டீலரிடம் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் மேப் அழிந்துவிடும், அதனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஈசியூவைத் தொட வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.