வெள்ளிக் காசு: டப்பாவோடா, சும்மாவா?

குழு: கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள்

கதிர் (டல்லாஸ்): எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கணும். பாப்பா பேரில் வருஷா வருஷம் கொஞ்சம் வெள்ளிக் காசு வாங்கி வைக்கலாம் என்று மீனா சொல்கிறாள். இங்கே அமெரிக்கன் சில்வர் ஈகிள்தான் எல்லாரும் வாங்குவது. சும்மாவும் கிடைக்கிறது, பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்து எம்எஸ் 69, எம்எஸ் 70 என்று எழுபதுக்கு மார்க் போட்டும் கிடைக்கிறது. எம்எஸ் என்றால் புழங்காத காசு. மார்க் போட்டதற்கு விலை கூடுதல். எதை வாங்குவது?

சுசீலா சித்தி: டப்பாவோடயே வாங்கு கண்ணு. கறுக்காது.

திவ்யா: எழுபதுக்கு எழுபதா? நான்கூட அப்படி எடுத்ததில்லை அண்ணா 😂

செல்வராஜ் மாமா: மாப்பிள்ளை, நாளைக்கு அதை விற்பதற்கா, பார்த்துக்கொண்டே இருப்பதற்கா? அதைச் சொல் முதலில்.

கதிர்: பாப்பா காலேஜ் போகும்போது விற்கலாம் என்றுதான் மாமா.

செல்வராஜ் மாமா: அப்படியென்றால் சும்மா காசு. டப்பா வேண்டாம்.

செல்வராஜ் மாமா: 🎤 குரல் செய்தி (4:12)

திவ்யா: மாமா, நான் பாலக்காடு பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாமல் வருகிறேன். எழுதிப் போடுங்களேன்.

செல்வராஜ் மாமா: சரி எழுதுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் இருந்தவன் நான். வெள்ளி வாங்குகிறவன் கேட்பது இரண்டே கேள்வி, எத்தனை டச் (ஆயிரத்தில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி), எத்தனை கிராம். கதிர் சொல்கிற காசு 999 டச், ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். அது 69 மார்க்கானாலும் 70 மார்க்கானாலும் உருக்கினால் வருவது அதே 31.1 கிராம்தான்.

கதிர்: அது புரிகிறது மாமா. ஆனால் சேகரிக்கிறவர்கள் 70க்குக் கூட விலை கொடுக்கிறார்களே.

செல்வராஜ் மாமா: கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மார்க் யாருக்காக வந்தது என்று பார். ஷெல்டன் என்று ஒருவர் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட 1 முதல் 70 வரை கணக்கு அது. கை மாறி மாறித் தேய்ந்த காசு எந்த அளவுக்குத் தேய்ந்தது என்று சொல்ல. இப்போது மிஷினில் அடித்து நேராக பிளாஸ்டிக் குழாயில் போடுகிற காசு எங்கே தேயப்போகிறது? நல்லபடியாக வந்த புதுக் காசு எல்லாமே 69க்குக் கிட்ட நிற்கும். 69க்கும் 70க்கும் இருக்கிற வித்தியாசம் லென்ஸ் வைத்தாலும் எனக்குத் தெரியாது.

ராஜாமணி அம்மா: உனக்குக் கண்ணாடி மாற்றணும், அதை முதலில் பார்.

செல்வராஜ் மாமா: அக்கா 🙏

கதிர்: நானே சும்மா காசு வாங்கி அனுப்பி மார்க் போட்டு வாங்கலாமா? இங்கே பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு கம்பெனிதான் எல்லாரும் நம்புகிறது.

செல்வராஜ் மாமா: கூலி எவ்வளவு?

கதிர்: ஒரு காசுக்கு இருபது டாலரைத் தொட்டுவிடும். தபால், இன்சூரன்ஸ் எல்லாம் வேறு. உறுப்பினர் கட்டணமும் உண்டு.

செல்வராஜ் மாமா: 69 என்று வந்தால் அந்தக் கூலியே திரும்பி வராது. 69 போட்டது சந்தையில் கொட்டிக் கிடக்கிறது.

திவ்யா: ஒரு சந்தேகம். டப்பாவில் இருந்தால் போலி இல்லை என்று உறுதிதானே? அதற்காகவாவது கொடுக்கலாமே.

கதிர்: டப்பாவையே போலியாக அடிக்கிறார்கள் திவ்யா. மேலே இருக்கிற நம்பரை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதையும் கையில் இருக்கிற காசையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

செல்வராஜ் மாமா: சும்மா காசையாவது நாமே சோதிக்கலாம். தராசில் 31.1 வரணும். குறுக்களவு 40.6 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டக் கூடாது. நல்ல காந்தத்தைச் சாய்த்துப் பிடித்த காசு மேல் விட்டால் சறுக்கென்று விழாமல் நின்று நின்று இறங்கும். டப்பாவுக்குள் இருந்தால் எப்படி நிறுப்பது? கோயம்புத்தூர் ராஜ வீதியில் கொண்டுபோய்க் கொடு, கடைக்காரர் முதல் காரியமாக டப்பாவை உடைப்பார். நீ கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த இடத்திலேயே போச்சு.

கதிர்: புதுக் காசில் இன்னொன்றும் உண்டு மாமா. 2021 நடுவில் கழுகுப் பக்கத்தின் டிசைனை மாற்றினார்கள். அதிலிருந்து விளிம்பில் இருக்கிற வரிகளில் ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் அந்த இடம் தட்டுப்படுகிறது.

செல்வராஜ் மாமா: அட! அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டு வா, பார்க்கணும்.

சுசீலா சித்தி: கறுக்காது என்று சொன்னேனே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

செல்வராஜ் மாமா: அம்மிணி, அந்த டப்பாவுக்குள்ளும் காற்று போகும். மெதுவாகக் கறுக்கத்தான் செய்யும். கனடா மேப்பிள் லீஃப் காசில் வெள்ளை வெள்ளையாகப் பால் சிந்தினாற்போல் புள்ளி வரும். 70 மார்க் போட்டு டப்பாவில் அடைத்த பிறகும் வந்திருக்கிறது. அந்தப் புள்ளி வராமல் தடுக்கவே 2018இல் புது முறை கொண்டு வந்தார்கள்.

திவ்யா: அப்போ டப்பாவால் யாருக்குத்தான் லாபம்?

செல்வராஜ் மாமா: அரிதான காசு வைத்திருக்கிறவனுக்கு. நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாய். கிடைப்பது அபூர்வம், அதனால் போலி ஏராளம். அந்த மாதிரிக் காசு கைக்கு வந்தால் முதலில் டப்பாவில் போடு என்பேன். அங்கே வெள்ளியின் விலை ஒரு பொருட்டே இல்லை, அசலா என்பதுதான் விலை. லட்சக்கணக்கில் அடிக்கிற ஈகிளுக்கு எதற்கு?

திவ்யா: அம்மிச்சி பெட்டியில் ராணிக் காசு இருக்கிறதே மாமா! அண்ணாவுக்கு அனுப்பி மார்க் போடச் சொல்லலாமா?

செல்வராஜ் மாமா: கூடாது. நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள் கணக்கு, 1972 சட்டம். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. விக்டோரியா எல்லாம் அதில் வந்துவிடும். பெட்டியைத் திறந்து வருஷம் மட்டும் பார்.

கதிர்: மீனா கேட்கிறாள், டப்பா லேபிளில் "ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்" என்று எழுதியது முதலில் அடித்த காசா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்த்தால், வெளியான முதல் முப்பது நாளுக்குள் கம்பெனிக்கோ அங்கீகாரம் பெற்ற கிடங்குக்கோ வந்து சேர்ந்தது என்பதுதான் அர்த்தம். அச்சில் எத்தனையாவதாக அடித்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செல்வராஜ் மாமா: லேபிளுக்குக் காசு 😀

ராஜாமணி அம்மா: இவ்வளவு எதற்கு? இங்கேயே வாங்கி லாக்கரில் வைக்கலாமே.

கதிர்: வைக்கலாம் அம்மா. ஆனால் பாப்பா படிக்கப்போவது இங்கே. அங்கே வாங்கினால் 3 சதவீதம் ஜிஎஸ்டி, இங்கிருந்து கொண்டு வந்தால் சுங்கம். காசு, கட்டி எல்லாம் நகைச் சலுகையில் வராது, சொல்லிவிட்டு வரி கட்டித்தான் எடுத்து வரணும். அதனால் இங்கேயே இருக்கட்டும்.

செல்வராஜ் மாமா: சரியான பேச்சு. குழாயோடு வாங்கு. இருபது காசு ஒரு குழாய். எடுத்துத் தொட்டுக்கொண்டே இருக்காதே. பில்லைப் பத்திரமாக வை, விற்கிற அன்றைக்கு அதைத்தான் கேட்பான்.

கதிர்: மீனாவுக்கு மட்டும் பாப்பா பிறந்த வருஷத்து 70 ஒன்று வேண்டுமாம். அலமாரியில் வைக்க.

செல்வராஜ் மாமா: ஒன்று வாங்கிக் கொடு மாப்பிள்ளை. அது முதலீடு இல்லை, பொம்மை. பொம்மைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

திவ்யா: வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாச்சு. விக்டோரியா நாலு, மற்றதெல்லாம் ஜார்ஜ். 1939 இல்லை 😔 1941, 1944 இப்படித்தான் இருக்கிறது.

செல்வராஜ் மாமா: 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. விக்டோரியா ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், 917 டச். அதைத் தனியாகத் துணியில் சுற்றி வை.

சுசீலா சித்தி: அடடா, எல்லாவற்றையும் தேய்க்கலாம் என்று புளி கரைத்து வைத்தேனே.

செல்வராஜ் மாமா: வேண்டாம் வேண்டாம்! தேய்த்த காசு என்றால் விலை பாதியாகிவிடும். கறுப்போடு இருக்கட்டும்.

திவ்யா: புளியை ரசத்துக்கு மாற்றியாச்சு மாமா.

கதிர்: ஒரு குழாய் ஆர்டர் போட்டாச்சு. பில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.