நுகமா, வடத்தடியா? குதிரை டிராம் கையேட்டுக்கு ஒரு சொல்

திருநகர் ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியின் கோடைப் பயிற்சியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பொம்மைக் கற்களைக் கொண்டு, சாலையில் பதித்த தண்டவாளத்தில் குதிரை இழுத்துச் செல்லும் வண்டியான குதிரை டிராம் ஒன்றின் மாதிரியைக் கட்டுகிறார்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மாண் தீவின் டக்ளஸ் நகரில் 1876 முதல் கடற்கரைச் சாலையில் ஓடி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டிருக்கிறேன். பக்கச் சுவரில்லாத திறந்த பெட்டி, வரிசையாக இருக்கைகள், முன்னால் ஒற்றைக் குதிரை. கட்டும் முறையைத் தமிழில் 16 பக்கக் கையேடாக எழுதி வரும் வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலான சொற்கள் தடையின்றி அமைந்துவிட்டன. 9.6 மி.மீ. உயரமுள்ளது ‘கல்’, அதில் மூன்றிலொரு பங்காக 3.2 மி.மீ. உள்ளது ‘பலகை’, மேலே 8 மி.மீ.க்கு ஒன்றாக வரிசையில் நிற்பவை ‘குமிழ்’. நான் இடறி நிற்பது 11ஆம் பக்கத்தில். குதிரைக்கும் வண்டிக்கும் நடுவே குறுக்காக ஒரு தடி தொங்குகிறதல்லவா, அதற்குப் பெயர் வேண்டும். மாதிரியில் அது ஐந்து துளையுள்ள 40 மி.மீ. துண்டு, நடுத்துளையில் ஓர் ஆணி, இரு ஓரத் துளைகளிலும் குதிரையின் கழுத்துப் பட்டையிலிருந்து வரும் கறுப்பு நூல். பாதையின் முடிவில் டிராம் திரும்பாது. குதிரையைத்தான் கழற்றி மறுமுனைக்கு நடத்திச் சென்று பூட்டுவார்கள். ஆகையால் இந்தத் தடியைக் கழற்று, மாட்டு என்று கையேட்டில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு ‘நுகம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

சோழவந்தானிலிருந்து:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் தகப்பனார் வண்டிப் பட்டறை வைத்திருந்தவர். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இது நுகமே அன்று. நுகம் மாட்டின் கழுத்தின்மேல் உட்காரும்; திமிலுக்கு முன்னால் அதைத் தாங்கித்தான் மாடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. நீங்கள் கேட்கும் தடி குதிரையின் மேல் எங்குமே படுவதில்லை. அதன் பின்கால்களுக்குப் பின்னால், வண்டியின் முகப்பில் தொங்குகிறது. குதிரை நடக்கும்போது இடத்தோளும் வலத்தோளும் மாறி மாறி முன்னே போகின்றன. தடி நடு ஆணியில் அதற்கேற்ப அசைந்து கொடுத்து, இரண்டு பக்கக் கயிற்றிலும் இழுவையைச் சமமாக்குகிறது. அசையாத கட்டையில் கட்டினால் பட்டை தோளைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். வேலை வேறு, இடம் வேறு என்றால் பெயரும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

சிம்மக்கல், பணி நிறைவு பெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

சோழவந்தான் நண்பரின் பட்டறை அறிவை மதிக்கிறேன். ஆயினும் குதிரைக்கு நுகம் இல்லை என்ற எண்ணம் எவருக்கும் வந்துவிடக் கூடாது. சங்ககாலத் தேர்களில் புரவிகளை நுகத்தில்தான் பூட்டினார்கள். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்று பட்டினப்பாலை புகார் வணிகரைப் பாராட்டுகிறது. அங்கே பகல் என்பது நுகத்தின் நடுவில் தைத்த ஆணி. பகுத்து நிற்பதால் பகல். நாளைப் பகுப்பதால் பகற்பொழுதுக்கும் அதே பெயர். ஆசிரியை ஐந்து துளையுள்ள துண்டை எடுத்ததற்குக் காரணம் ஒற்றைப்படையில்தான் நடுத்துளை கிடைக்கும் என்பதே. அந்த நடுத்துளை ஆணிக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் தமிழில் ஆயத்தமாக இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வாய்ப்பு வாராது.

இன்னொன்று. ‘குதிரை டிராம்’ என்று ஏன் எழுத வேண்டும்? ‘பரித்தண்டூர்தி’ என்க. அவுட்ரம் என்பவர் பெயரிலிருந்து டிராம் வந்தது என்பது பிற்காலக் கட்டுக்கதை. அச்சொல்லுக்கு மூலப்பொருள் உத்தரம், கைவண்டியின் தண்டு என்பதுதான். ஆகவே தண்டூர்தி என்னும்போது பொருளும் பிசகாமல் பொருந்துகிறது. நரியைப் பரியாக்கிய ஊரில் இருந்துகொண்டு பரி புரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேலூர் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பரி எங்களுக்குப் புரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘பரித்தண்டூர்தி’யைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த கல்லைத் தவறாக வைத்துவிடுவான் என்பதே என் அச்சம். சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. அதில் ஏறி இறங்கியவர்கள் ‘டிராம் வண்டி’ என்றே சொன்னார்கள். மக்கள் வாயில் அரைநூற்றாண்டுக்கு மேல் தேய்ந்த சொல்லை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சாலையில் தண்டவாளம் அமிழ்ந்திருப்பதால் ‘அமிழ் தண்டூர்தி’ என்றும் எழுதுகிறார்கள். அது அறிவியல் கட்டுரைக்கு ஆகலாம், 11ஆம் பக்கத்துக்கு ஆகாது.

‘பகல்’ என்ற சொல்லின் அழகில் நானும் மயங்கினேன். ஆனால் ‘பகலைத் துளையில் செருகுக’ என்று படிக்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். ‘நடு ஆணி’ போதும்.

தடிக்கு என் பரிந்துரை ‘இழுதடி’. வினைத்தொகை, இழுத்த, இழுக்கின்ற, இழுக்கும் தடி. ‘ஆடுதடி’யையும் எண்ணிப் பார்த்தேன். எங்கள் மேலூர்ப் பக்கத்தில் அதை ஆடு மேய்க்கும் தடி என்றுதான் படிப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

சிம்மக்கல்:

இழு என்னும் வினைக்கு அப்படித் தொகை அமைவதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் ‘இழுது’ என்றால் நெய், வெண்ணெய். ‘இழுதடி’யைக் கண்டவுடன் பழம்பாடல் பழகிய கண் இழுது, அடி என்றுதான் பிரிக்கும்.

சோழவந்தானிலிருந்து:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நேற்றிரவு முழுவதும் இதே நினைவாக இருந்தேன். தடிக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால், அதில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு நாம் பெயர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இழுக்கும் கயிற்றுக்கு மதுரையில் பெயரா இல்லை? சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதிகளில் நாம் பிடித்து இழுப்பது வடம். குதிரையின் தோளிலிருந்து வண்டிக்கு வருவதும் இழுக்கிற கயிறுதானே, அதுவும் வடம்தான். வடம் கட்டிய தடி ‘வடத்தடி’. பட்டறையில் இருந்த என் தகப்பனார் கேட்டிருந்தால் இரண்டாம் முறை விளக்கம் கேட்டிருக்க மாட்டார்.

சிம்மக்கல்:

நல்ல சிந்தனை; தேர்வடத்தை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் மரத்தடி என்றால் மரத்தால் ஆன தடி என்று யாரேனும் கொள்கிறார்களா? மரத்து, அடி என்று அத்துச் சாரியை பெற்று, மரத்தின் கீழ் என்றே பொருள்படுகிறது. வடத்தடியும் அவ்வாறே வடத்தின் கீழ் என்று பொருள்படும். மேலும் வடம் என்பது ஆலமரத்துக்கும் பெயர். ஆலமரத்து நிழல் என்றும் ஒருவர் கொள்ளலாம். கலைச்சொல் ஐயத்துக்கு இடம் தரக் கூடாது.

ஒத்தக்கடையிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா, நுகம் தடியோடு சேர்ந்தால் ‘நுகத்தடி’. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்த அதே புணர்ச்சி. அதை ஒரு குடியானவரும் நுகத்தின் கீழ் என்று படித்ததில்லை. மரத்தடியில் நாம் உட்காருகிறோம், அதனால் அது இடமாயிற்று. நுகத்தடியைக் கையில் தூக்குகிறோம், அதனால் அது பொருளாயிற்று. வடத்தடியும் கையில் எடுக்கும் பொருள். நுகத்தடியின் அச்சிலேயே வார்த்த சொல்லாகவும் இருக்கிறது. நுகத்தடி மாட்டுக்கு, வடத்தடி குதிரைக்கு, சொல்லிக்கொடுக்க எளிது.

திருநகர் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. உங்கள் மடல்களைப் படித்துவிட்டு, படம் இல்லாமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் இரு விதமாக அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ‘நுகம்’ என்று படித்த குழுவில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் தடியைக் குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே வைத்துக் கட்டிவிட்டார்கள். ஒரு சிறுமி, “டீச்சர், இன்னொரு குதிரை எங்கே?” என்று கேட்டாள். நுகம் என்றால் இரண்டு என்று அவள் வீட்டு மாட்டுவண்டியில் கற்றிருக்கிறாள், அவள்மீது குற்றமில்லை. சோழவந்தான் ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

‘வடத்தடி’ என்று படித்த குழுவில் பலர் சரியாகவே மாட்டினார்கள். ஆனால் இரண்டு பிள்ளைகள் நூலை மேலே விட்டு, தடியை அதற்கு அடியில் தரையோடு தரையாகச் செருகி வைத்திருந்தார்கள். வடத்துக்கு அடியில்! பேராசிரியர் ஐயாவின் ஐயமும் என் மேசைமேல் உண்மையாயிற்று. கழற்றி, நடு ஆணியைக் கொக்கியில் தொங்கவிட்டு, குதிரையை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினேன். தடி இடமும் வலமும் அசைந்து கொடுத்ததைப் பார்த்ததும் வகுப்பே மேசையைச் சுற்றி நின்றது. அதன்பின் இரு குழுவினரும் அதை வடத்தடி என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. ‘குதிரை டிராம்’, ‘வடம்’, ‘வடத்தடி’, ‘நடு ஆணி’ என்று முடிவு செய்கிறேன். முதன்முதலில் வரும் இடத்தில் ‘வடம் கட்டும் தடி, அதாவது வடத்தடி’ என்று எழுதி, பக்கத்தில் படமும் சேர்த்துவிட்டேன்.

மேலூர்:

படம் சேர்ந்தபின் எனக்கு மறுப்பில்லை. என் மொழிபெயர்ப்புகளில் ‘இழுவைத் தடி’ என்றே எழுதுவேன். அதைப் படத்தின் துணையில்லாமலும் படிக்க முடிகிறது.

சிம்மக்கல்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், வடத்தடி வழக்கில் நிலைத்தால் மகிழ்வேன். இரண்டு வேண்டுகோள்கள். ‘வடத் தடி’ என்று இடம்விட்டு அச்சிட்டுவிடாதீர்கள், அது ஒரு சொல். 16ஆம் பக்கத்தில் இரண்டு வரிக்கு இடமிருந்தால், நடு ஆணிக்குப் பகல் என்று ஒரு பழம்பெயர் உண்டு என்பதை மட்டும் சேருங்கள். ஆணியின் பெயர் பகல்தான் என்பதில் என் கருத்து மாறவில்லை.

திருநகர் ஆசிரியை:

இடமிருக்கிறது ஐயா. சேர்த்துவிட்டேன்.